முதலில் தினக்கூலியை எழுதுங்கள்: ஹார்ட்பாயில்ட் துப்பறியும் கதை எழுதப் போகிறவர்களுக்கு

நான் எழுதிய முதல் ஹார்ட்பாயில்ட் கதையில் மழை பெய்தது, தெருவிளக்கு விட்டுவிட்டு எரிந்தது, நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவன் சுவரில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்தான், அப்புறம் இரண்டு பக்கத்துக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தான். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. சினிமாவில் பார்த்த ஒரு நிழலை எழுதியிருந்தேனே தவிர, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஒரு ஆளை எழுதவில்லை. இந்த வகைக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பதால், கோட்டையும் தொப்பியையும் ஓரமாக மாட்டிவிட்டுக் காசிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்ட்பாயில்ட் என்றால் மஞ்சள் கருவும் இறுகிப்போகிற அளவுக்கு அவித்த முட்டை. எதற்கும் இளகாத ஆளை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்வார்கள். 1920இல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' என்ற, பல்ப் எனப்படும் சாணித்தாள் பத்திரிகையில்தான் இந்தத் துப்பறிவாளன் உருவானான். 1923இல் கரோல் ஜான் டேலியும் டேஷியல் ஹாமெட்டும் சில மாத இடைவெளியில் அதில் இந்த மாதிரிக் கதைகளை எழுத ஆரம்பித்தார்கள். டேலிதான் முந்தினார், ஆனால் இன்றைக்கு அவரைப் படிக்க நிறையப் பொறுமை வேண்டும். ஹாமெட்டை இப்போதும் ஒரே மூச்சில் படிக்கலாம், அதற்குக் காரணம் உண்டு: அவர் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். ஒரு ஆளைப் பின்தொடர்ந்தால் எங்கே போனான், எத்தனை மணிக்கு, யாரோடு என்று மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்துப் பழகிய கை. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கள்ளச் சாராயப் பணம் போலீஸ் வரைக்கும், நகரசபை வரைக்கும் பாய்ந்த காலம். அந்த ஊரில் புத்திசாலி ஒருவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தே கொலைகாரனைக் கண்டுபிடித்துப் போலீசிடம் ஒப்படைத்தார் என்று எழுதினால் வாசகர் சிரிப்பார், ஏனென்றால் அந்தப் போலீஸ்காரரே மாமூல் வாங்குகிறவர்.

சரி, எழுத உட்காருவோம்.

கூலி

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். உங்கள் ஆளின் தினக்கூலி எவ்வளவு, எந்த வேலையை அவன் ஒத்துக்கொள்ள மாட்டான், கடைசியாக எப்போது முழு வாடகை கொடுத்தான். இந்த மூன்றும் தெரியாமல் கதையை ஆரம்பிக்காதீர்கள்.

ரேமண்ட் சாண்ட்லரின் துப்பறிவாளன் பிலிப் மார்லோ 1939இல் முதல் நாவலில் வரும்போது ஒரு நாளைக்கு 25 டாலரும் செலவும் கேட்கிறான். அதற்கு முந்தின வருடம் அமெரிக்க அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட். கணக்குப் போட்டால் மார்லோவின் ஒரு நாள், ஒரு தொழிலாளியின் 100 மணி நேரம். கேட்கும்போது பெரிய சம்பளமாகத்தான் தெரியும். ஆனால் அவனுக்குத் தினமும் கேஸ் வருவதில்லை, ஆபீஸ் வாடகையும் டெலிபோனும் பெட்ரோலும் கேஸ் இல்லாத நாளிலும் உண்டு. விவாகரத்து வேலையை வேறு அவன் தொடமாட்டான். அந்தக் காலக் கலிபோர்னியாவில் ஒரு தனியார் துப்பறிவாளருக்கு நிச்சயமான வருமானம் அதுதான், ஏனென்றால் 1970 வரை அங்கே விவாகரத்து வேண்டுமென்றால் மற்றவர் மேல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும், அதற்கு யாராவது ஹோட்டல் அறை வாசலில் கேமராவோடு நிற்க வேண்டும். ஆக, வயிற்றுப்பாட்டுக்கு வழியிருந்தும் ஒருத்தன் அதை விட்டுவைக்கிறான். இதைச் சொன்னாலே போதும், அவன் நேர்மையானவன் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

இந்த வித்தையை ஆரம்பித்துவைத்தவர் ஹாமெட். 1930இல் புத்தகமாக வந்த 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலில் ஒரு பெண் பொய்க் கதையோடு வந்து 200 டாலர் கொடுக்கிறாள். கதையை நாங்கள் அவ்வளவாக நம்பவில்லை, பணத்தைத்தான் நம்பினோம், உண்மை சொல்கிறவர் கொடுப்பதைவிட அது அதிகமாக இருந்தது என்கிற தோரணையில் துப்பறிவாளன் சாம் ஸ்பேட் பிற்பாடு அவளிடமே சொல்கிறான். ஒரு ஆளைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? அதே நாவலின் முடிவில் தனக்கு வந்த ஆயிரம் டாலர் நோட்டைப் போலீசிடம் எடுத்துக் கொடுக்கிறான், இது எனக்குக் கொடுத்த லஞ்சம் என்று. அவன் நல்லவனா கெட்டவனா என்ற சந்தேகம் புத்தகம் முழுக்க நம்மை அரித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சந்தேகம் முழுவதையும் ஹாமெட் பணத்தை வைத்துத்தான் நடத்துகிறார்.

அவருடைய இன்னொரு துப்பறிவாளன், பெயரே சொல்லப்படாத கான்டினென்டல் நிறுவனத்து ஆள், குட்டையான, குண்டான, நாற்பதை ஒட்டிய மனிதன். 1925இல் வந்த ஒரு கதையில் ஒரு சீமாட்டி அவனுக்குப் பணம் தருவதாகப் பேரம் பேசுகிறாள். அவன் நீளமாக ஒரு விளக்கம் கொடுக்கிறான்: எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, வேறு எதிலும் எனக்கு ருசி இல்லை, எவ்வளவு கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. தர்மம், நியாயம் என்ற பேச்சே கிடையாது. தச்சர் தன் வேலையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறான். பெண்ணைச் சுடமாட்டான் என்ற தைரியத்தில் அவள் நடக்க, காலில் சுட்டுவிடுகிறான். அவனுக்கே அன்றைக்குக் கணுக்காலில் அடி, கையில் இருப்பது நடக்க முடியாத ஒருவனிடமிருந்து பிடுங்கி வந்த ஊன்றுகோல்.

உங்கள் கதையில் குறைந்தது மூன்று இடத்தில் பணம் கை மாறட்டும், அல்லது மாறாமல் நிற்கட்டும். ஒன்று வாங்குவது, ஒன்று மறுப்பது, ஒன்று திருப்பிக் கொடுப்பது. மூன்றாவதுதான் கஷ்டம், அதைக் கதையின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1953இல் வந்த நாவலில் மார்லோவுக்கு ஒரு 5000 டாலர் நோட்டு தபாலில் வருகிறது. புத்தகம் நெடுக அதைச் செலவழிக்காமல் வைத்திருந்து, அனுப்பியவனிடமே திருப்பித் தருகிறான். அந்த ஒரு நோட்டு எத்தனை பக்கத்தைத் தாங்கி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பொய் சொல்கிற வாடிக்கையாளர்

முதல் காட்சியில் வருகிறவர் பொய் சொல்ல வேண்டும், முழுப் பொய்யாக இல்லாமல் பாதி மறைப்பாக. கேட்கும் வேலை சின்னதாக இருக்கட்டும்: ஒரு பழைய நாணயம் தொலைந்துபோனது, ஒருத்தன் மிரட்டிக் காசு கேட்கிறான், தங்கை ஊரைவிட்டு வந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை.

சாண்ட்லரின் முதல் நாவலில் ஒரு வயதான ஜெனரல் ஒரு மிரட்டல் விஷயத்துக்காக மார்லோவை அமர்த்துகிறார். ஆனால் அடுத்து அவன் சந்திக்கிற ஆள் பலரும் கேட்பது வேறு: காணாமல்போன மருமகனைத் தேடத்தானே உன்னை அமர்த்தினார்கள்? இல்லை என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துப்போகிறது, நமக்கோ அந்த மருமகன் மேல்தான் கண். கேட்கப்படாத கேள்வியைக் கதையின் நடுவில் உட்கார வைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, திருடிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன் நடந்த குற்றத்தைத் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். யார், யாரை, ஏன், அப்புறம் யார் மறைத்தார்கள். கொலைக்குப் பத்து இருபது வருடம் முந்திய ஒரு குடும்பத் தப்பும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. ராஸ் மெக்டொனால்ட் 1949 முதல் எழுதிய லூ ஆர்ச்சர் நாவல்களில் பிள்ளை காணாமல்போவதில் ஆரம்பித்துத் தாத்தா காலத்துப் பிணத்தில் போய் முடிவது வாடிக்கை. எழுதிய அந்தப் பக்கத்தை மேஜைக்குள் வைத்துவிட்டு உங்கள் ஆளைத் தப்பான முனையிலிருந்து உள்ளே விடுங்கள்.

உள்ளே விட்ட பிறகு கதை என்பது பெரும்பாலும் வீடு வீடாகப் போய்ப் பேசுவதுதான். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு உண்மை, ஒரு பொய், ஒரு அடுத்த முகவரி கிடைத்தாக வேண்டும் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காட்சியை அடித்துவிடுவேன். சந்தேகம் வந்தால் துப்பாக்கியோடு ஒருவனைக் கதவு வழியாக உள்ளே அனுப்பு என்று சாண்ட்லர் சொன்னதாக எல்லா எழுத்துப் பட்டறையிலும் ஓதுவார்கள். அவர் அதைச் சொன்னது பல்ப் பத்திரிகைகளின் ஓயாத அடிதடிப் பசியைப் பற்றி, பாதிக் கிண்டலாக. அதை மந்திரமாக வைத்துக்கொண்டால் பத்தாவது பக்கத்தில் அறை முழுக்கத் துப்பாக்கிதான் இருக்கும்.

அதேபோல இன்னொரு கதை. சாண்ட்லரின் முதல் நாவலைப் படமாக எடுத்தபோது, அதில் செத்துப்போகிற கார் டிரைவரைக் கொன்றது யார் என்று கேட்டுத் தந்தி அடித்தார்கள், தனக்கும் தெரியவில்லை என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதைக் காட்டி "கதைப்பின்னல் முக்கியமில்லை" என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். அவர் வாக்கியத்துக்காக அந்த ஓட்டையை மன்னித்தோம். நம் வாக்கியத்துக்கு அந்தச் சலுகை கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஊர்

லாஸ் ஏஞ்சலஸ் ஏன் இந்தக் கதைகளுக்குத் தாய்வீடு ஆனது? 1920இல் அங்கே மக்கள்தொகை சுமார் 5 லட்சத்து 77 ஆயிரம், 1930இல் 12 லட்சத்து 38 ஆயிரம். பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல். எண்ணெய்க் கிணறு, சினிமா, நிலம் விற்கிற தரகர், புதிதாக முளைத்த சாமியார், எல்லாரும் வெளியூர், யாருடைய பழைய கதையும் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில்தான் பெயரை மாற்றிக்கொண்டு ஒருத்தி புது வாழ்க்கை ஆரம்பிக்க முடியும், அப்படிப்பட்ட ஊரில்தான் அதைத் தோண்டி எடுக்கக் கூலி கொடுத்து ஆள் வைப்பார்கள்.

போலீஸ் ஊழல் என்பதும் ஏதோ எழுத்தாளர்களின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். 1938 ஜனவரியில் ஹாரி ரேமண்ட் என்ற தனியார் துப்பறிவாளர், நகர நிர்வாகத்தின் ஊழலைத் துருவிக்கொண்டிருந்தவர், தன் காரை ஸ்டார்ட் செய்தபோது குண்டு வெடித்தது. உயிர் பிழைத்துவிட்டார். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் லாஸ் ஏஞ்சலஸ் போலீசின் உளவுப் பிரிவுத் தலைவராக இருந்த கேப்டன். அதே வருடம் செப்டம்பரில் ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு மேயரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மார்லோ வந்தது அடுத்த வருடம்.

ஆகவே ஊரை எழுதும்போது வானத்தை வர்ணிக்காமல் யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள் என்ற வரைபடத்தை முதலில் போடுங்கள். போலீசோடு உங்கள் ஆளுக்கு உள்ள உறவு அங்கிருந்துதான் பிறக்கும். அவர்களைப் பகைத்தால் அவனுடைய லைசென்சுக்கு ஆபத்து. வக்கீலுக்கு இருப்பதுபோல வாடிக்கையாளர் ரகசியத்தைக் காக்கிற சட்டப் பாதுகாப்பு அவனுக்குக் கிடையாது, வக்கீலுக்காக வேலை பார்த்தால்தான் அந்தக் குடையின் கீழ் கொஞ்சம் ஒதுங்கலாம். வாயைத் திறந்தால் கூலி கொடுத்தவருக்குத் துரோகம், திறக்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும். இந்த இடுக்கை ஒரு முறையாவது பயன்படுத்தாத ஹார்ட்பாயில்ட் கதை எனக்கு உப்பில்லாத சாப்பாடு மாதிரிதான்.

குரல், அதுவும் தமிழில்

இரண்டு வழி இருக்கிறது. மார்லோ மாதிரி "நான்" என்று ஆரம்பித்து உலகத்தையே அவன் வாயால் சொல்வது. அல்லது ஸ்பேட் கதையில் ஹாமெட் செய்தது: வெளியே தெரிவதை மட்டும் எழுதுவது, மனசுக்குள் ஒரு அடிகூட எட்டிப் பார்க்காமல். கூட்டாளி கொல்லப்பட்ட செய்தி நள்ளிரவில் போனில் வருகிறது. ஸ்பேட் என்ன உணர்ந்தான் என்று ஒரு சொல் இல்லை. அவன் உட்கார்ந்து தாளில் புகையிலையைப் பரப்பி, உருட்டி, ஓரத்தை நக்கி ஒட்டி ஒரு சிகரெட் செய்கிறான், அதை ஹாமெட் அவசரமே இல்லாமல் எழுதுகிறார். இதைப் பார்த்து ஒரு பயிற்சி செய்யுங்கள்: நீங்கள் எழுதிய பக்கத்தில் "கோபமாக", "வருத்தத்துடன்", "அதிர்ந்துபோய்" எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

உவமை விஷயத்தில் சாண்ட்லர் செய்தது பாதி நன்மை, பாதி கெடுதல். அவரைப் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் வரிக்கு ஒரு "போல" போடுகிறார்கள். பக்கத்துக்கு ஒன்று போதும், அதுவும் கதை சொல்கிறவன் வாழ்கிற உலகத்திலிருந்து வர வேண்டும். என் கதையில் ஒரு ஹோட்டல் முன்னறையை "கல்யாணம் முடிந்தும் பந்தல் பிரிக்காத வீடு மாதிரி இருந்தது" என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் மெச்சிக்கொண்டிருந்தேன். நல்ல உவமைதான். ஆனால் சொல்கிறவன் 1940இல் லாஸ் ஏஞ்சலஸ்காரன், அவன் பந்தலை எங்கே கண்டான்? கடைசிப் பந்தயம் முடிந்த குதிரைத் திடல் மாதிரி என்று மாற்றினேன். அழகு கொஞ்சம் குறைந்தது, ஆள் உயிரோடு வந்தான். அந்த ஊர் ரவுடி வாயில் சென்னைத் தமிழைப் போடுவதும் இதே தப்புதான். பழைய மொழிபெயர்ப்பு நடையில் "கனவான்களே" என்பதும் வேண்டாம். வாக்கியத்தைக் குட்டையாக்கினாலே முரடு வந்துவிடும்.

தமிழில் எழுதுகிற நமக்கு ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இல்லாத ஒரு ஆயுதம் இருக்கிறது. அவர்களுக்கு எல்லாரும் ஒரே "யூ". நம்மிடம் நீயும் உண்டு, நீங்களும் உண்டு. யார் யாரை எந்த வரியில் நீ என்று இறக்குகிறார்கள் என்பதை வைத்தே ஒரு விசாரணையை நடத்தலாம்:

"எத்தனை மணிக்கு வந்தீர்கள்?" என்றார் லெஃப்டினன்ட்.

"பத்தே காலுக்கு."

"கதவு திறந்திருந்ததா?"

"திறந்திருந்தது."

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"உட்கார்," என்றார்.

இதற்கு மேல் அவர் முகம் கடுத்தது, குரல் மாறியது என்றெல்லாம் எழுதினால் வேலை கெட்டுப்போகும். பணக்கார வீட்டு வாசலில் சமையல்காரர் துப்பறிவாளனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், எஜமானியம்மாள் எந்த இடத்தில் நீங்களை விட்டுவிட்டு நீக்கு வருகிறார், அது நெருக்கமா அவமானமா, இதையெல்லாம் எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடி உதை பற்றி சுருக்கமாக: தலையில் அடித்தால் விளக்கு அணைவதுபோல மயங்கி, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு போவது அந்தக் காலத்துச் சலுகை. இன்றைய வாசகர் அப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார். கதைக்கு ஒரு அடி வையுங்கள், அது மூன்று அத்தியாயத்துக்கு வலிக்கட்டும்.

பெண்கள், கறுப்பர்கள் விஷயத்தில் பழைய கதைகளை அப்படியே நகல் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மயக்கிக் கெடுக்கிற பொன்முடிப் பெண் என்பது அலுத்துப்போன சரக்கு. 1982இல் சாரா பாரெட்ஸ்கியும் சூ கிராஃப்டனும் பெண் துப்பறிவாளர்களை இதே தொழிலில் இறக்கினார்கள், வாடகைக் கவலையோடும் லைசென்சோடும்தான். எனக்கு அதைவிடப் பெரிய திறப்பு வால்டர் மோஸ்லி 1990இல் கொண்டுவந்த ஈஸி ராலின்ஸ். 1948 லாஸ் ஏஞ்சலஸ், போரிலிருந்து திரும்பிய கறுப்பர், விமானத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது, வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டும், அதனால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தேடித்தர ஒத்துக்கொள்கிறார். மறுபடியும் காசுதான், பாருங்கள். மார்லோ எந்த மாளிகை வாசலிலும் போய் மணியடிக்கலாம். ராலின்ஸ் அதே தெருவில் நின்றாலே போலீஸ் வண்டி நிற்கும். உங்கள் ஆளால் எந்தக் கதவு வழியாகப் போக முடியும், எதன் வழியாக முடியாது என்று யோசித்தாலே புதிய கதை கிடைத்துவிடும்.

பில்

முடிவில் எல்லாரையும் அறையில் உட்கார வைத்து விளக்குகிற காட்சி வேண்டாம். நான் வைத்திருக்கும் வழி, கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளனை அவன் ஆபீசில் தனியாக உட்கார வைத்து வாடிக்கையாளருக்குப் பில் எழுத விடுவது. பில்லை நிஜமாகவே எழுதுங்கள், தொகையோடு. எதைச் சேர்த்தான், எதை விட்டான் என்று பார்த்தால் கதை எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்.

மழையில் நின்றவனைத் திருப்பி எழுதினேன். இப்போது அவன், கூலி கொடுத்த ஒரு அக்காவுக்காக, காணாமல்போன அவள் தங்கையைத் தேடுகிறான், கண்டுபிடிக்கிறான், ஆனால் உயிரோடு இல்லை, அக்காவுக்கு அது முதலிலிருந்தே தெரியும். கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது:

ஆறு நாள், நாளுக்கு 25 வீதம், 150 டாலர். பெட்ரோல், 4.20. தொலைபேசி, 1.15. ஹோட்டல் எழுத்தருக்குக் கொடுத்தது, 5. மொத்தம் 160.35. அட்வான்ஸ் 200 கழித்து, உங்களுக்குத் திருப்ப வேண்டியது 39.65.

கல்லறைக்கு வாங்கிய பூவின் ரசீது அவன் சட்டைப் பையில் இருக்கிறது.